அம்மம்மாவின் கத்தரி ஏன் மாறியது? வன்னியில் மரக்கறி இனங்கள் உருவாகும் விதம்

கேள்வி இதுதான். இலங்கையின் வன்னியில், புதுக்குடியிருப்பில் அரை ஏக்கரில் தோட்டம் செய்யும் ஒருவர், போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் அம்மம்மா தேடி எடுத்து வைத்த ஊதாக் கத்தரி விதையையே இன்றுவரை போட்டு வருகிறார். இப்போது காய் சிறுத்துவிட்டது. வெட்டினால் உள்ளே எல்லாம் விதை. மண் களைத்துவிட்டதா, காலநிலை மாறியதா, விதை கெட்டதா என்று கேட்கிறார். ஒரு மரக்கறி இனத்தை மாற்றுவது சூழலா, விவசாயியா என்பதும் அவருடைய சந்தேகம்.

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். மண்ணைக் குறை சொல்வதற்கு முன் விதை எடுத்த கையைப் பார்க்க வேண்டும். அந்தக் கை எதைச் செய்தாலும் அதற்கு ஓர் எல்லையை வைத்திருப்பது வன்னியின் மழையும் வெயிலும் நோயும்தான். இரண்டும் சேர்ந்துதான் இனத்தை உருவாக்குகின்றன, ஆனால் இரண்டும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை.

சூழல் செய்வது கழித்தல் வேலை. மழையோ வெயிலோ ஒரு செடிக்குத் தேவையான குணத்தைப் பார்த்து உள்ளே கொடுப்பதில்லை. ஒரு பாத்தியில் நூறு செடி நின்றால் அவற்றுக்குள் ஏற்கெனவே சிறு சிறு வேறுபாடுகள் இருக்கும். வெள்ளத்தில் சில அழுகும், தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்றில் சில பூவைக் கொட்டும், மிஞ்சியவை விதை தரும். "வன்னி மண்ணுக்குப் பழகிய விதை" என்று நாம் சொல்வது, பழகாதவையெல்லாம் செத்துப்போன பின் மிஞ்சிய கூட்டத்தைத்தான்.

அந்தக் கழித்தல் வன்னியில் கடுமையானது. மேட்டு நிலத்தின் செங்கபில மண் ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் இறுகிவிடும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரைக்குள் கொட்டித் தீர்கிறது. பிறகு மாதக்கணக்கில் வறட்சி. மே மாதத்திலிருந்து சோளகம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். ஒரே செடி நான்கு மாதத்துக்குள் நீரில் நின்றும் நீரில்லாமலும் பிழைக்க வேண்டும். இரணைமடுக் குளமோ முத்தையன்கட்டுக் குளமோ நீர் தரும் இடத்தில் இருப்பவரும், கிணற்றையும் நீர்ப்பம்பியையும் மட்டும் நம்பியிருப்பவரும், ஒரே பொதியிலிருந்து விதை எடுத்தாலும் சில ஆண்டுகளில் அவர்களுடைய செடிகள் ஒன்றுபோல் இருக்கா.

தக்காளி இதற்கு நல்ல உதாரணம். இரவு வெப்பம் 21 பாகைக்கு மேலே ஏற ஏற மகரந்தம் பழுதாகத் தொடங்கும். பூ வரும், காய் பிடிக்காது. அதனால்தான் மழை தணியும் நேரத்தில் நட்டு, ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் குளிர்ந்த இரவுகளில் பூக்க வைக்கிறார்கள். பிந்தி நட்டவருடைய தோட்டத்தில் சித்திரை வெயிலிலும் இரண்டு செடி காய்த்து நின்றால், அவற்றின் விதையை அவர் எடுத்து வைப்பார். அங்கே வெயில் கழித்தது, மனிதர் பொறுக்கினார்.

இந்தக் கழித்தலை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தோட்டங்கள் மூழ்கிக் கிடந்தபோது, தப்பி நின்ற மிளகாய்ச் செடிகளைக் காட்டி "இது வெள்ளம் தாங்கும் இனம்" என்று சொன்னவர்கள் உண்டு. அந்தச் செடிகளில் எத்தனை பாத்தியின் மேட்டு ஓரத்தில் நின்றவை? மேட்டில் நின்ற செடி தப்பியது மேட்டின் புண்ணியம். அதன் பிள்ளைகளுக்கு அந்த மேடு கிடைக்காது. மிளகாயில் இலைச்சுருள் பரவும்போதும் இதே கதைதான். பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் வைரசும் சேர்ந்து ஒரு வரிசையைச் சுருட்டிப்போட, நடுவில் ஒரு செடி மட்டும் பச்சையாக நிற்கும். அது எதிர்ப்புச் சக்தியாக இருக்கலாம், பூச்சி அந்தப் பக்கம் வர முந்தியே நீங்கள் மருந்து அடித்ததாகவும் இருக்கலாம். அதன் விதையை அடுத்த போகத்தில் தனி வரிசையாகப் போட்டு, அந்த வரிசை முழுவதும் தாங்குகிறதா என்று பார்த்தால்தான் எது என்று தெரியும்.

சரி, விவசாயியின் பங்குக்கு வருகிறேன். உங்கள் கத்தரியின் கதை இங்கேதான் இருக்கிறது.

மனிதர் கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் தோட்டத்திலேயே சாட்சி உண்டு. மழைக்காலத்தில் மேட்டு நிலத்தில் தானியத்துக்காக விதைக்கும் கௌபீயும், பந்தலில் முழ நீளத்துக்குத் தொங்கும் பயிற்றங்காயும் தாவரவியலில் ஒரே இனம். இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும். ஆபிரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு வந்த தானியப் பயறு அது. ஆசியாவில் எங்கோ யாரோ அதன் தானியத்தை விட்டுவிட்டுப் பிஞ்சைக் கறியாக்கினார்கள். நீண்ட பிஞ்சுள்ள செடிக்கு விதை விட்டார்கள். அடுத்த தலைமுறையினர் அதைவிட நீண்டதற்கு விட்டார்கள். எந்தச் சூழலும் ஒரு பயறிடம் முழ நீளக் காய் கேட்பதில்லை. அது சமையலறை கேட்டது.

நாம் "நாட்டு மரக்கறி" என்று பெருமைப்படுபவற்றில் மிளகாய், தக்காளி, பூசணி, மரவள்ளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தவை. போர்த்துக்கேயர் இலங்கைக் கரையில் இறங்கியது 1505-ல். ஆகவே நாட்டு மிளகாயின் வயது அதிகம் போனால் ஐந்நூறு ஆண்டு. வெண்டி ஆபிரிக்க வழி வந்தது. கத்தரியோ நம் பக்கத்துப் பிள்ளை. அதன் காட்டு உறவுகள் இன்றும் வன்னியின் வேலி ஓரங்களில் முள்ளோடு நிற்கின்றன. பழமையைக் கொண்டு ஓர் இனத்தை மதிப்பதை நான் விரும்புவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஐம்பது ஆண்டுக்குள்ளும் ஒரு நல்ல உள்ளூர் இனம் உருவாகும், பத்து ஆண்டுக்குள் அது பழுதாகவும் செய்யும்.

பழுதாகும் வழிகளைச் சொல்கிறேன். உங்கள் கத்தரியில் மூன்றும் நடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் வழி, விதைக்குக் காய் விடும் நேரம். முதல் ஆறேழு பறிப்புகளில் வரும் திறமான காய்கள் சந்தைக்குப் போகும். விலை விழுந்து, செடி கிழண்டு, இனிப் பறித்தும் பயனில்லை என்றான பின்னர் கிடப்பதில் இரண்டை விதைக்கு விடுவார்கள். இப்படிச் செய்தால் என்ன தெரிவாகிறது? முந்திக் காய்த்து முடித்த செடிகளிலிருந்து விதையே வராது. பிந்திக் காய்த்தவையும், யாரும் பறிக்க விரும்பாத காய் உள்ளவையும் அடுத்த ஆண்டுக்குத் தாயாகும். செடி நீண்ட காலம் நிற்கும் குணம் கொஞ்சம் கூடும், அது ஒரு நன்மை. ஆனால் முந்திக் காய்க்கும் குணமும் காயின் பருமனும் சத்தமில்லாமல் போய்விடும்.

இரண்டாவது, காயைப் பார்த்து விதை எடுப்பது. பெரிய காயாகப் பார்த்து எடுத்தேன் என்று பலர் சொல்வார்கள். அந்தச் செடியில் மொத்தம் எத்தனை காய் என்று கேட்டால் பதில் இருக்காது. இரண்டே காய் காய்த்த செடியில் அந்த இரண்டும் பெரிதாகத்தான் வரும். தேர்ந்தெடுக்க வேண்டியது செடியை. பூக்கும் காலத்திலேயே தோட்டத்தைச் சுற்றி வந்து, கணு நெருக்கம், பூச்சித் தாக்கம், காய்க் கணக்கு எல்லாம் பார்த்து, நல்ல செடிகளில் வாழைநாரையோ துணியையோ கட்டிவிடும் பழக்கம் அதற்காகத்தான். கட்டிய செடியின் இரண்டாவது மூன்றாவது காயில் யாரும் கை வைப்பதில்லை.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. உங்கள் காயில் விதை பெருகியதற்கு இதுதான் முக்கிய காரணம் என்று சந்தேகிக்கிறேன். பொரித்த குழம்புக்கு விதை குறைந்த, தசை இறுகிய காய் வேண்டும். அப்படிப்பட்ட செடி, பெயருக்கேற்றபடி, குறைந்த விதையைத்தான் தரும். ஐந்து காயை எடுத்து எல்லா விதையையும் ஒன்றாகக் கழுவிக் காயவைத்தால் என்ன நடக்கும்? ஒரு காயில் எண்ணூறு விதையும் இன்னொன்றில் இருநூறும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த இரண்டின் கலவையில் ஐந்துக்கு நான்கு விதை, விதை மிகுந்த தாயின் பிள்ளைகள். அடுத்த ஆண்டும் இதே கலவை, அதற்கடுத்த ஆண்டும் இதே. சமையலறை ஒன்றைக் கேட்க, விதைப் போத்தல் எதிர்த் திசையில் இழுக்கிறது. பத்து போகத்தில் போத்தல் வென்றுவிடும். ஒவ்வொரு காயிலிருந்தும் சம எண்ணிக்கையில் விதை எடுத்தால் இந்த இழுவை பெருமளவு நின்றுவிடும். செலவில்லாத வேலை, செய்பவர் குறைவு.

மகரந்தம் கலப்பதையும் மறக்கக் கூடாது. கத்தரி பெரும்பாலும் தன் பூவிலேயே கருக்கட்டும், ஆனாலும் தேனீக்கள் பக்கத்துத் தோட்டத்து மகரந்தத்தைக் கொண்டுவரும். வெண்டியும் மிளகாயும் அப்படியே, மிளகாயில் கலப்பு இன்னும் கூட. பயிற்றையும் தக்காளியும் அதிகம் கலக்கா. பாகல், பூசணி, பீர்க்கு, புடோல் போன்ற கொடிகளுக்கு ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அவை கலக்காமல் இருப்பதே கடினம். புடோல் இரவில் பூக்கும், அந்திப்பூச்சிகள் வரும். வன்னியில் காடு கொல்லைப்புறம் வரை இருப்பதால் இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. காட்டில் தானாகப் படரும் கசந்த பேய்ப்புடலும் நம் புடோலும் ஒரே இனம். காட்டு மகரந்தம் விழுந்தாலும் அந்த ஆண்டுக் காய் கசக்காது, ஏனென்றால் காயின் தசை தாய்ச் செடியுடையது. கசப்பு உள்ளே விதையில் போய் உட்காரும். அடுத்த போகத்தில் அந்த விதையில் முளைத்த கொடியின் காய்தான் வாயைக் கெடுக்கும். விதைக்காய் விடுவதற்கு முன் அதே கொடியின் பிஞ்சு ஒன்றைப் பச்சையாகக் கடித்துப் பார்ப்பது, போன ஆண்டு நடந்த கலப்பைப் பிடிக்க உதவும். இந்த ஆண்டு நடந்ததைப் பிடிக்க உதவாது.

மரவள்ளியும் சின்ன வெங்காயமும் இந்தக் கணக்கில் வரா. தடி, குமிழ் வழியாக வளர்ப்பவை தாயின் பிரதிகள். அங்கே குணம் கலைவதை விட, தலைமுறை தலைமுறையாக வைரசு சேர்ந்துகொண்டு போவதுதான் ஆபத்து.

இனி வீட்டுக்கு வெளியே. விவசாயி சுதந்திரமாகத் தெரிவு செய்கிறார் என்று சொன்னால் வன்னியில் யாரும் சிரிப்பார்கள். அவருடைய தெரிவைச் சந்தையும் அரசும் போரும் எத்தனையோ தடவை செய்து கொடுத்திருக்கின்றன.

மிளகாயைப் பாருங்கள். விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் அரசின் படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்றவர்கள், 1970-களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது செத்தல், அதாவது காய்ந்த, மிளகாயில் நல்ல காசு பார்த்தார்கள். செத்தலுக்கு வேண்டியது மெல்லிய தோல், ஒன்றாகப் பழுக்கும் குணம், காய்ந்த பின்னும் மங்காத சிவப்பு. 1977-க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, அந்தச் செத்தலின் விலை விழுந்தது. மெல்ல மெல்ல நோக்கம் பச்சை மிளகாய்க்கு மாறியது. பச்சைக்கு வேண்டியது தடித்த தோல், எடை, பறித்து மூன்று நாள் வாடாமல் கிடக்கும் குணம். மழையும் மண்ணும் மாறவில்லை. ஆனால் விதைக்கு விடப்படும் செடி தலைகீழாக மாறிவிட்டது. மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எம்.ஐ. வரிசை இனங்களும் கே.ஏ.-2 போன்றவையும் பரவியது இந்த ஓட்டத்துக்குள்தான்.

இன்று அந்த இடத்தில் லொறி இருக்கிறது. தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகும் தக்காளி பெட்டிக்குள் நசியாமல் இருக்க வேண்டும். அதனால் தோல் தடித்த, சாறு குறைந்த, நீள்வட்டக் காய். வடக்கின் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு வெட்டும் வழக்கம் பற்றி எத்தனையோ தடவை முறைப்பாடு எழுந்தும் அது அடங்கியதாகத் தெரியவில்லை. பத்துக் கிலோவை முன்கூட்டியே இழப்பவர், மென்மையான, ருசியான, சீக்கிரம் வாடும் இனத்தை ஏன் போடப்போகிறார்? ஓர் இனம் அழிவதற்கு வறட்சி மட்டும் வேண்டியதில்லை, தராசு போதும்.

மிருகங்களையும் சேர்க்க வேண்டும். யானை வரும் எல்லைக் கிராமங்களில் பூசணியும் வாழையும் போட மனம் வராது. மிளகாயை யானை தொடுவதில்லை என்பதால் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். குரங்கும் மயிலும் பன்றியும் சேர்ந்து, எந்த மரக்கறியைப் போடலாம் என்று விவசாயப் போதனாசிரியரை விட உறுதியாகத் தீர்மானிக்கின்றன. போடாத பயிரின் விதை இரண்டு மூன்று ஆண்டில் முளைதிறனை இழக்கும். வெங்காய விதைக்கு ஓராண்டே அதிகம்.

போர் இந்தக் கதையின் மிகப் பெரிய கழித்தல். 1990-களின் பொருளாதாரத் தடையில் யூரியாவும் எரிபொருளும் வன்னிக்கு வருவது மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. உரம் கேட்கும் செடி அந்த ஆண்டுகளில் காய்க்கவில்லை. குப்பையிலும் சாணத்திலும் காய்த்தவற்றுக்கே விதை விடப்பட்டது. 1995, 1996 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் முடிச்சில் கொண்டுவந்த விதைகளும் அவற்றோடு சேர்ந்தன. (விவசாயத் திணைக்களப் பட்டியலில் உள்ள "திருநெல்வேலி ஊதா" கத்தரியும் "திருநெல்வேலி வெள்ளை" பாகலும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைத் தாங்குபவை, தமிழ்நாட்டைத் தேடிப் போக வேண்டாம்.) அதற்கு முன்பு, 1958-க்கும் 1983-க்கும் இடையிலான வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் கைப்பழக்கமும் வன்னித் தோட்டத்தில் இருக்கிறது. இப்படிப் பல ஊர் விதை கலந்து கிடந்த நிலம் இது.

2008, 2009-ல் அது ஏறக்குறைய வெறுமையானது. கிளிநொச்சியிலிருந்து கரை வரைக்கும் ஒவ்வோர் இடமாக விட்டு ஓடியவர்களிடம் விதை போத்தலுக்கு இடமிருக்கவில்லை. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய பீர்க்கங்காயும், சாணியில் பதித்துச் சுவரில் அடித்து வைத்த பாகல் விதையும் வீட்டோடு போயின. திரும்பி வந்தவர்களுக்கு நிவாரணமாகக் கிடைத்த விதைப் பொதிகள் பெரிய உதவிதான், அதை மறுக்க முடியாது. ஆனால் ஊர் ஊராகக் கிடைத்தது ஒரே சில இனங்கள். அகன்ற கூட்டம் ஒரு சிறு வாசலுக்குள்ளால் வந்தது. உங்கள் அம்மம்மா தேடி எடுத்த விதையும் ஒருவேளை ஒன்றிரண்டு காயிலிருந்து வந்ததாக இருக்கும். தாய் ஒன்றிரண்டு என்றால் பொறுக்குவதற்கு வேறுபாடும் குறைவு. கெட்ட பொறுக்கல் சீக்கிரம் வெளியே தெரியும்.

கலப்பின விதை பற்றி ஒரு சொல். அதை நான் வெறுப்பவன் அல்லன். நீரும் உரமும் கடனும் கிடைக்கும் இடத்தில் அது கொடுக்கும். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசு தடை செய்தபோது, உரத்தை நம்பிய செடிகளின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்தது. நவம்பரில் அரசு அந்த முடிவை விலக்கிக்கொண்டது. கலப்பினக் காயின் விதையை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறையில் நெட்டையும் குட்டையும் வெள்ளையும் ஊதாவுமாகச் சிதறும் என்பது உண்மை. அதோடு விட்டுவிடத் தேவையில்லை. தன் மகரந்தத்தில் கருக்கட்டும் பயிரில் ஒவ்வொரு தலைமுறையிலும் அந்தச் சிதறலுக்குக் காரணமான கலப்பு பாதியாகக் குறையும்: இரண்டாம் தலைமுறையில் பாதி, மூன்றாவதில் கால், ஆறாவதில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. பொறுமையுள்ளவர் ஆறு போகம் ஒரே நோக்கத்தோடு பொறுக்கினால், கடையில் வாங்கிய கலப்பினத்திலிருந்தே தன் கிணற்றுக்கும் தன் மண்ணுக்கும் ஏற்ற ஒரு நிலையான இனத்தை எடுத்துவிடலாம்.

காட்டு உறவுகளின் பெறுமதியும் அங்கேதான் தெரியும். மகாராஷ்டிராவின் பர்பணியில் வளர்ப்பு வெண்டியை ஒரு காட்டு உறவோடு கலந்து, மஞ்சள் நரம்பு நோயைத் தாங்கும் "பர்பணி கிராந்தி" என்ற இனத்தை எடுத்தார்கள். வைரசும் சும்மா இருக்கவில்லை, பிறகு மாறிக்கொண்டது. கன்னொறுவையில் உள்ள தாவர மரபு வளங்கள் நிலையத்தின் குளிரறையில் விதை மாறாமல் இருக்கும், அது தேவை. வயலில் உள்ள விதை ஒவ்வோர் ஆண்டும் புது வைரசைச் சந்திக்கிறது, அதுவும் தேவை.

இனி உங்கள் அரை ஏக்கருக்கு.

மண்ணா விதையா என்பதை வரும் பெரும்போகத்திலேயே சோதிக்கலாம். ஒரே பாத்தியில், ஒரே அளவு எருவோடு, உங்கள் விதையையும் திணைக்கள விற்பனை நிலையத்தில் வாங்கிய ஊதாக் கத்தரி ஒன்றையும் மாற்றி மாற்றி நடுங்கள். இரண்டும் சிறுத்தால் மண்ணையும் வேர் நோயையும் பாருங்கள். உங்களுடையது மட்டும் சிறுத்தால் மண்ணைத் திட்ட வேண்டாம்.

பிறகு, முள்ளியவளைப் பக்கத்திலோ ஒட்டுசுட்டானிலோ அதே காலத்தில் அம்மம்மாவிடமிருந்து விதை வாங்கியவர் யாராவது இருந்தால் அவரிடம் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். ஒரே தாயின் பிள்ளைகள் வேறு கையில் வேறு விதமாக வந்திருக்கும். உங்களுடையது இழந்தது அவரிடம் இருக்கலாம். இரண்டிலுமாக நாற்பது ஐம்பது செடி வையுங்கள். முதல் பறிப்புக்கு முன்பே எட்டுப் பத்துச் செடியில் நார் கட்டுங்கள். பக்கத்துக் கத்தரித் தோட்டம் இருநூறு மீற்றருக்குள் இருந்தால், விரியாத மொட்டுகளை மெல்லிய வலைத் துணியால் மூடி, காய் பிடித்தபின் அவிழ்த்து, அந்தக் காம்பில் நூல் கட்டுங்கள். காய் மஞ்சளாகும் வரை செடியிலேயே விடுங்கள். ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியாகக் கழுவி, நிழலில் காயவைத்து, எண்ணி ஐம்பது ஐம்பதாக எடுத்து, தனிப் பொட்டலத்தில் செடி இலக்கத்தை எழுதுங்கள். அடுத்த போகத்தில் ஒரு பொட்டலத்துக்கு ஒரு வரிசை. விதை நிறைந்த காய் வரும் வரிசையைப் பூக்கும் நேரத்தில் அடையாளம் காண முடியாது, காய் வெட்டித்தான் தெரியும். தெரிந்தவுடன் அந்த வரிசை முழுவதையும் பிடுங்கிவிடுங்கள், ஒரு செடி நன்றாக இருக்கிறதே என்று இரங்க வேண்டாம். மிஞ்சும் வரிசைகளிலிருந்து மீண்டும் சம எண்ணிக்கையில் விதை எடுங்கள். மூன்றாவது போகத்தில் காயை வெட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.